கிட்டியும் தொழுவும் கூண்டும்

பச்சைமலையின் அடிவாரத்திலே அரும்பாவூர் என்றோர் ஊர் உண்டு. உளியோசை கேட்டு விழிக்கும் ஊர். வாகையும் வேம்பும் மாவும் வல்லார் கைபட்டு வடிவம் பெறும் ஊர். தேருக்கு வேண்டும் சிற்பங்களைத் தலைமுறை தலைமுறையாகச் செதுக்கிய கைகள் அங்கே உண்டு. 2020-ஆம் ஆண்டு அவ்வூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சி! தேரில் ஏறும் சிலைக்குக் கிடைக்கும் மாலையும் மரியாதையும் அதனைச் செதுக்கியவனுக்குக் கிடைத்தனவா என்ற கேள்வியை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். இன்று நாம் பேசப் புகுவது, மரத்தாற் செய்யப்பட்ட வேறு இரண்டு பொருள்களைப் பற்றி. எந்தச் சிற்பியும் அவற்றைப் பெருமையோடு செய்திருக்கமாட்டான். ஒன்று கிட்டி, மற்றொன்று தொழு.

கிட்டி யாது? இரண்டு கோல்கள், ஒரு முனையிலே இறுகப் பிணைக்கப்பட்டவை. இடையிலே குடியானவன் விரல்களை வைத்து, மறுமுனையை நெருக்குவர். அவன் அலறுவான், அல்லது வரியைக் கட்டுவதாக ஒப்புக்கொள்வான். பெரும்பாலும் இரண்டையும் செய்வான். தொழு என்பது, கனத்த பலகைகளிலே துளையிட்டு, அத்துளைகளுக்குள் மனிதனின் கால்களை மாட்டி, ஊரார் காண உட்காரவைக்கும் கருவி. மாட்டுத் தொழுவம் அறிந்த நம் இளைஞர்கள், மனிதனுக்கும் ஒரு தொழு இருந்தது என்பதை அறியார். கதையிலே இருந்ததல்ல; சட்டப் புத்தகத்திலே இருந்தது!

இந்தப் பழங்கதை இப்போது ஏன் என்று கேட்கும் தோழர்கள் இருப்பர். சொல்வோம். நம் நாட்டின் குடியுரிமைச் சட்டம் 1955-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. வெளியிலிருந்து வந்து இந்நாட்டின் குடிமகனாகப் பதிவு பெறுவோன், அரசியல் சட்டத்துக்கு உண்மையாக இருப்பேன், இந்நாட்டுச் சட்டங்களைப் பின்பற்றி நடப்பேன் என்று உறுதிமொழி கூறவேண்டும். நல்ல ஏற்பாடு. பெரம்பலூரிலோ, வேப்பந்தட்டையிலோ, அரும்பாவூரிலோ பிறந்து, பதினெட்டு வயது நிரம்பி, வாக்குச் சீட்டின் உரிமை பெறும் நம் பிள்ளையிடம் எவரும் உறுதிமொழி கேட்பதில்லை. சட்டம் இன்னது என்று சொல்லித் தருவதுமில்லை. அவன் முதன்முதலாக நீதியின் முகத்தைக் காண்பது எங்கே? பெரும்பாலும் காவல் நிலையத்து வாயிலிலே! அச்சத்தோடு நுழைகிறான், அறியாமையோடு கையெழுத்திடுகிறான். அவனும் புதுக் குடிமகனே. அவன் பாட்டனும் 1950 சனவரி 26 அன்று புதுக் குடிமகனானவனே. அதற்கு முன்பு அவன் குடிமகனல்லன், வெறும் குடி. குடிக்கும் குடிமகனுக்கும் இடையே எத்தனை நெடிய தூரம் என்பதைத்தான் கிட்டியும் தொழுவும் காட்டும்.

முடியாட்சிக் காலத்து முறையை முதலிலே சிறிது காண்போம். செங்கோன்மை என்று தனி அதிகாரம் வகுத்தார் வள்ளுவர். அதன் பின்னே கொடுங்கோன்மை என்றும் ஒன்றை வைத்தார். இரண்டும் வேண்டியிருந்தன போலும்! சிலப்பதிகாரத்தைப் படித்தவர்க்கு இது விளங்கும். பொற்கொல்லன் ஒருவன் சொன்னான், பாண்டியன் கேட்டான், கோவலன் வெட்டுண்டான். குற்றம் சாட்டப்பட்டவனை நிறுத்தி, "உன் பக்கம் யாது?" என்று ஒரு வார்த்தை கேட்டாரில்லை. சான்று கேட்கப்பட்டது தண்டனைக்குப் பின்னரே. அதையும் கேட்கவைத்தவள், கையிலே ஒற்றைச் சிலம்போடு வந்த ஒரு பெண். இருதரப்பையும் கேட்காமல் தீர்ப்பில்லை என்று இன்றைய நீதிமன்றங்கள் கொண்டிருக்கும் விதியை நம் காப்பியம், அது மீறப்பட்ட கொடுமையைக் காட்டியே உணர்த்திவிட்டது. மன்னன் தவறுணர்ந்து மாண்டான் என்பது அவன் பெருமை. மாண்ட கோவலனுக்கு அதனால் பயன் யாது?

மன்னனின் அவசரம் ஒருபுறமிருக்க, சாத்திரத்தின் நிதானமோ இதனினும் கொடிது. மனுவின் எட்டாம் அத்தியாயத்தைப் புரட்டிப் பாருங்கள். பார்ப்பானை இழித்துப் பேசிய சத்திரியனுக்கு நூறு பணம் தண்டம். வைசியனுக்கு நூற்றைம்பது அல்லது இருநூறு. சூத்திரனுக்கோ உடலை வருத்தும் தண்டனை. அதே பார்ப்பான் திருப்பி இழித்துப் பேசினால்? சத்திரியனைப் பேசினால் ஐம்பது, வைசியனைப் பேசினால் இருபத்தைந்து, சூத்திரனைப் பேசினால் பன்னிரண்டு! கடைச் சரக்குக்கு விலைப்பட்டியல் எழுதுவதுபோல மனித மானத்துக்கு எழுதிய பட்டியல் அது. கொலைத்தண்டனை வரும் இடத்திலே மற்றவர்க்குத் தலை போகும். பார்ப்பானுக்கு மயிர் மட்டும் போகும். இதனை நாம் மிகைப்படுத்திக் கூறவில்லை. முன்னூற்று எழுபத்தொன்பதாம் சுலோகத்தைப் பார்த்துக்கொள்ளலாம். இந்த ஏடு ஊர்தோறும் அப்படியே அமுலில் இருந்தது என்று நாம் கூறமாட்டோம். ஊர்வழக்கு, சாதிவழக்கு, தலைவன் வாக்கு என்று பலவும் கலந்தே நீதி என்ற பெயரில் நடந்தன. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியிலே கிடந்த எண்ணம் ஒன்று: குற்றத்தைப் பார்க்குமுன் குலத்தைப் பார்!

பிறகு வந்தான் வெள்ளையன். 1801-ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கர்நாடகத்தின் ஆட்சி முழுதும் கும்பெனியாரின் கைக்கு மாறியது. திருச்சிராப்பள்ளிச் சீமையும் அதனோடு போயிற்று. இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் அந்தச் சீமையின் பகுதிகளே. அதே ஆண்டிலே சென்னைப் பட்டணத்தில் அரசரின் பெயரால் ஓர் உச்ச நீதிமன்றம் அமைந்தது. அது பட்டணத்தாருக்கும் வெள்ளையருக்கும். வெளியூர்களுக்கு 1802-இல் சில்லா நீதிமன்றங்கள். அவற்றின் மேல் சதர் அதாலத்து. ஒரே நாட்டில் இரண்டு நீதி அடுக்குகள். இரண்டும் ஒன்றாகிச் சென்னை உயர்நீதிமன்றமாக உருவெடுத்தது 1862-இல்தான். கடற்கரைக்கு அருகே, செந்நிறச் செங்கல்லிலே, கோபுரங்களோடு நிற்கும் மாளிகை அதற்கும் முப்பதாண்டு பிந்தியது; 1892.

இடைப்பட்ட காலத்திலே நடந்த செய்திதான் நாம் சொல்ல வந்தது.

தாமசு மன்றோவைப் பற்றி நம்மவர் நல்ல வார்த்தையே கேட்டிருப்பர். குடியானவனோடு நேரே கணக்கு வைத்துக்கொள்ளும் ரயத்துவாரி முறைக்காக அவர் புகழப்படுகிறார். அவர் தலைமையில் அமைந்த குழுவின் முயற்சியால் 1816-இல் சில ஒழுங்குமுறைச் சட்டங்கள் பிறந்தன. கிராமத் தலைவனே கிராம முன்சீப். பத்து ரூபாய் வரையுள்ள வழக்குகளை அவன் தீர்க்கலாம். ஊர்ப் பஞ்சாயத்துகளுக்கும் அதிகாரம். மாவட்ட முன்சீப்புகள் என்று சுதேசி நீதிபதிகள். தொலைவிலுள்ள கோர்ட்டுக்கு ஏழை அலையவேண்டாம், ஊரிலேயே நீதி கிடைக்கட்டும் என்பது நோக்கம். நோக்கத்தை நாம் குறை கூறமாட்டோம். ஆனால் அதே 1816-ஆம் ஆண்டின் பதினோராம் ஒழுங்குமுறையிலே பத்தாம் பிரிவைப் படித்தபோது, ஏட்டை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் வாளாவிருந்தோம்.

வசைமொழி, சிறு கைகலப்பு போன்ற அற்பக் குற்றங்களுக்குக் கிராமத் தலைவன் ஒருவனைச் சாவடியிலே பன்னிரண்டு மணி நேரம் வரை அடைத்துவைக்கலாம். குற்றம் செய்தவன் தாழ்ந்த சாதியான் என்றால்? இத்தகைய இழிந்த தண்டனையை விதிப்பது தகாததன்று எனக் கருதப்படும் சாதியான் என்றால்? ஆறு மணி நேரம் வரை தொழுவிலே மாட்டலாம்!

வாய்ச்சண்டை ஒன்று, செய்தவர் இருவர். ஒருவர் சாவடித் திண்ணையில் நிழலில் அமர்ந்திருப்பார். மற்றவன் கால்கள் மரத்துளைகளில், தலைமேல் கதிரவன், எதிரே வேடிக்கை பார்க்கும் ஊர். மனு எழுதியதை மன்றோவின் காலத்துச் சட்டம் ஆங்கிலத்தில் எழுதிற்று. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று தம் நாட்டிலே பெருமை பேசிய வெள்ளையர்கள், இங்கே வந்ததும் சமத்துவத்தைக் கப்பலிலேயே விட்டுவிட்டு இறங்கினர் போலும்! தொழுவை அவர்களே கண்டுபிடித்தனர் என்பதல்ல. அத்தண்டனை அவர்கள் நாட்டிலும் உண்டு. அங்கே குடிகாரனை மாட்டினர். இங்கே குலத்தைப் பார்த்து மாட்டினர்.

அதே ஆண்டு மற்றொரு மாறுதலும் நேர்ந்தது. குற்ற நடுவர் அதிகாரம் நீதிபதியிடமிருந்து எடுக்கப்பட்டுக் கலெக்டர் கையிலே ஒப்படைக்கப்பட்டது. சிந்தித்துப் பாருங்கள்! வரி வாங்குபவன் அவன். போலீசுக்குத் தலைவன் அவன். குற்றத்தை விசாரிக்கும் நடுவனும் அவனே. தாசில்தாரும் அவருக்குக் கீழிருந்த சேவகர்களும் அந்த மூன்று அதிகாரத்தின் விரல்கள். வரி கட்டாத குடியானவனை அடித்த சேவகன்மீது அக்குடியானவன் யாரிடம் முறையிடுவது? அடிக்கச் சொன்னவரிடமே!

விளைந்தது என்ன? 1854-இல் இலண்டன் பாராளுமன்றத்திலே, சென்னை மாகாணத்தில் வரி வசூலிக்கச் சித்திரவதை நடக்கிறது என்ற பேச்சு எழுந்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவர் கொண்ட குழு நியமிக்கப்பட்டது. குழு வந்திருக்கிறது என்ற செய்தி பரவியவுடன் மாகாணமெங்குமிருந்து வந்த முறையீடுகள் ஈராயிரத்தை நெருங்கின. நேரில் வந்தோர் சிலர். எழுதி அனுப்பியோர் பலர். பட்டணத்துக்குப் பலநாட் பயணமாக வந்து, நசுங்கிய விரலை நீட்டிக் காட்டிய குடியானவர்களை எண்ணிப் பார்க்கும்போது, நம் உள்ளம் குமுறுகிறது. 1855-இல் வெளியான அறிக்கையிலே கிட்டி இடம்பெற்றது, அண்ணந்தாளும் இடம்பெற்றது. மனிதனைக் குனியவைத்துக் கழுத்தைக் காலோடு கயிற்றால் பிணைத்து, மணிக்கணக்கில் அப்படியே விட்டுவைப்பதற்கு அண்ணந்தாள் என்று பெயர். முதுகின்மேல் கல்லேற்றிவைப்பதும் உண்டு. கொள்ளைக்காரனிடம் உண்மை கறக்க மட்டுமல்ல, சில ரூபாய் வரிப்பாக்கிக்கும் இவை பயன்பட்டன. பரிகாரம் தேடுவோர்க்கு அது கிட்டாத நிலைமையே தங்களைப் பெரிதும் துயருறுத்தியது என்று அக்குழுவே எழுதி வைத்தது. ஆயினும், பழியைச் சுதேசிச் சேவகர் தலையிலே சுமத்தி, வெள்ளை அதிகாரிகளை விடுவிக்கவும் அது மறக்கவில்லை! கடல்கடந்த நியூயார்க் நகரப் பத்திரிகையொன்றிலே 1857 செப்டம்பரில் இதனை எடுத்துக்காட்டிக் கேலி செய்தவர் கார்ல் மார்க்ஸ். நம் குடியானவன் பட்ட பாடு மார்க்சின் மேசை வரை போயிருக்கிறது. நம் பள்ளிப் பாடப் புத்தகத்துக்கு வந்து சேர்வதுதான் அரிதாகிவிட்டது.

அந்த அறிக்கைக்குப் பின் 1859-இல் சென்னை மாகாணத்துக்குத் தனிப் போலீசுச் சட்டம் வந்தது. வரி வாங்கும் கை வேறு, காவல் செய்யும் கை வேறு என்றாயிற்று. 1861-இல் இயற்றப்பட்ட குற்ற விசாரணை முறைச் சட்டத்திலே ஓர் அரிய விதி நுழைந்தது: போலீசாரிடம் ஒருவன் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவனுக்கு எதிரான சான்றாகக் கொள்ளக்கூடாது. அடியும் உதையும் பெற்றுத் தந்த ஒப்புதல் உண்மையாகாது என்ற பட்டறிவே அதன் தாய். 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவாக அது வாழ்ந்தது. 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலே 23-ஆம் பிரிவாக இன்றும் வாழ்கிறது. புதிய சட்டங்கள் மூன்றுக்கும் தமிழ் நாவில் நுழையாத வடமொழிப் பெயர்களைச் சூட்டியிருக்கின்றனர். அது வேறு கொடுமை. இந்த ஒரு விதியை மட்டும் நம் இளைஞர்கள் மனத்திலே எழுதிவைத்துக்கொள்ளட்டும். காவல் நிலையத்திலே "ஒப்புக்கொண்டுவிடு, விட்டுவிடுகிறோம்" என்று எவரேனும் கூறினால், அந்த விதிக்குப் பின்னே நசுங்கிய விரல்கள் எத்தனை என்பதை நினைத்துக்கொள்ளட்டும்.

விதி இருந்தால் போதுமா? 2020 சூனில் சாத்தான்குளத்திலே தந்தையும் மகனும் காவலில் வைக்கப்பட்டபின் உயிரிழந்தனர். நாடே பதறியது. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, எவரும் மனுப் போடுவதற்குக் காத்திராமல், தானே முன்வந்து அவ்வழக்கைக் கையில் எடுத்தது. நீதித்துறை நடுவர் நேரே காவல் நிலையம் சென்று விசாரித்தார். அங்கே பணியாற்றிய பெண் காவலர் ஒருவர் கண்டதைக் கூறினார். 1855-இல் குடியானவன் பட்டணம் வரை நடந்தான். 2020-இல் நீதிமன்றம் ஊர்தேடி வந்தது. மாறுதல் உண்டு. மாளவில்லை கிட்டி.

இனி, தண்டனைச் சட்டத்தின் கதை. மெக்காலே வரைந்த தண்டனைச் சட்டம் 1860-இல் இயற்றப்பட்டு 1862-இல் நடைமுறைக்கு வந்தது. நம் மொழிகளையும் நூல்களையும் இழித்துப் பேசிய அந்த மெக்காலேயைப் போற்ற நமக்குக் காரணமில்லை. ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்வது பகுத்தறிவாளர் கடமை. அந்தச் சட்டத்தில் திருடனுக்குத் தண்டனை உண்டு, பார்ப்பனத் திருடனுக்கு ஒன்று, பறையர் திருடினால் ஒன்று என்றில்லை. பல நூற்றாண்டுகளாக நம் தருமசாத்திரக்காரர்கள் எழுத மறுத்த ஒரு வரியை அயலான் எழுதினான். அவனும் தன் இனத்துக்கு என்று வரும்போது தடுமாறினான். வெளியூர்களில் வெள்ளையனை இந்திய நீதிபதி விசாரிப்பதா என்று 1883-இல் இல்பர்ட் மசோதாவின்போது அவர்கள் போட்ட கூச்சல் உலகறிந்தது. அந்த நிறபேதம் சட்டத்திலிருந்து முழுதும் களையப்பட்டது 1949-இல், விடுதலைக்குப் பின்னரே.

சட்டம் ஒன்று, அதனைச் சொல்லும் நாக்கு யாருடையது? இது நம் இயக்கத்தார் ஓயாது கேட்ட கேள்வி. 1916 டிசம்பரில் வெளியான பார்ப்பனரல்லாதார் அறிக்கையிலே ஒரு கணக்கு இடம்பெற்றது. 1913-இல் மாகாணத்திலே நிரந்தர மாவட்ட முன்சீப்புகள் 128 பேர். அவர்களுள் பார்ப்பனர் 93. பார்ப்பனரல்லாத இந்துக்கள் 25. எஞ்சிய இடம் மற்றெல்லோருக்கும். தெருவிளக்கிலே படித்து, 1870-களின் இறுதியில் உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக உயர்ந்த முத்துசாமி ஐயரின் உழைப்பை நாம் மதிக்கிறோம். ஆனால் தெருவிளக்கு எரிந்த தெருவிலே நடக்கவே உரிமையில்லாதவன் எங்கே நின்று படிப்பது? ஒடுக்கப்பட்டோரிடையிலிருந்து முதன்முதலாக ஒருவர் இந்திய உச்சநீதிமன்ற நீதிபதியானது 1980-இல். நீதிபதி வரதராசன், நம் சோலையார்பேட்டைக்காரர். குடியரசு பிறந்து முப்பதாண்டு அதற்குத் தேவைப்பட்டது.

நீதிமன்றம் சட்டத்தை ஆக்குவதில்லை. உள்ள சட்டத்தைப் பொருள் கூறுகிறது. இதனைப் பாடமாகச் சொல்வதைவிட ஒரு வரலாற்றால் சொல்வது எளிது. 1934-இல் பெரியார் முன்னிலையில் ஒரு சுயமரியாதைத் திருமணம் நடந்தது. புரோகிதர் இல்லை, தீ இல்லை, ஏழடி இல்லை. பின்னாளிலே சொத்து வழக்கு வந்தது. தெய்வானை ஆச்சி – சிதம்பரம் செட்டியார் வழக்கு என்று பெயர். 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம், சாத்திரச் சடங்கும் இல்லாத, நெடுநாள் வழக்கமும் இல்லாத அத்திருமணம் சட்டப்படி திருமணமே ஆகாது என்றது! எத்தனை ஆயிரம் இணையர் அன்று திகைத்திருப்பர்! வாழ்ந்த வாழ்வு வாழ்வல்ல, பெற்ற பிள்ளை முறைப்பிள்ளையல்ல என்று ஒரு தாளில் எழுதிவிட்டால் யார்க்குத்தான் நெஞ்சு பதறாது?

நம் தோழர்கள் நீதிபதிகளை வைதுகொண்டு வீட்டிலே இருந்துவிடவில்லை; திருமணங்களை நிறுத்திவிடவுமில்லை. ஊர்தோறும் மேடையேறினர், மக்களிடம் சென்றனர், வாக்குக் கேட்டனர். 1967-இல் அண்ணா முதலமைச்சரானார். அதே ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்துக்கு 7-அ என்ற பிரிவைச் சேர்க்கும் மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. 1968 சனவரி 17 முதல் அது சட்டம். உற்றார், நண்பர் முன்னிலையில், தமக்குத் தெரிந்த மொழியிலே ஒருவரையொருவர் ஏற்பதாகக் கூறி, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால், தாலி கட்டினால், திருமணம் செல்லும். இனி நடப்பவை மட்டுமல்ல, முன்னர் நடந்தவையும் செல்லும்! 1953-இன் தீர்ப்பை எவரும் கிழிக்கவில்லை. அது நின்ற தளமே மாற்றப்பட்டது. 2014-இல் உயர்நீதிமன்றம், வழக்கறிஞர் அலுவலகத்திலே மறைவாக நடக்கும் திருமணத்தைத் திருமணமாகக் கொள்ள மறுத்தது. 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் அதனை மாற்றி, ஊரறிய விழா எடுப்பது கட்டாயமல்ல என்றது. சாதி மறுத்து மணந்து, உயிருக்கு அஞ்சி ஓடும் இணையர்க்கு மேளதாளம் எங்கிருந்து வரும்?

வகுப்புவாரி ஆணையின் கதையும் இதே வகையினது. 1951 ஏப்ரலில் செண்பகம் துரைராசன் வழக்கிலே உச்சநீதிமன்றம் அந்த ஆணையைத் தள்ளுபடி செய்தது. வழக்குத் தொடுத்த அம்மையார் மருத்துவக் கல்லூரிக்கு மனுவே போடவில்லை என்பது வேடிக்கையான செய்தி. தமிழகம் கொதித்தது, அதே ஆண்டு சூனிலே அரசியல் சட்டம் முதன்முதலாகத் திருத்தப்பட்டு 15(4) பிறந்தது.

இவற்றால் எல்லாம் சீராகிவிட்டது என்று நாம் எண்ணினால், கீழ்வெண்மணி நம்மைக் கேட்கும். 1968 டிசம்பர் 25 இரவு. கூலி உயர்வு கேட்ட ஏழை உழவரின் குடிசை ஒன்றிலே நாற்பத்து நான்கு பேர் கருகினர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். நம்மவர் ஆட்சியிலே நடந்தது அது. மறைத்துப் பேச நமக்கு மனமில்லை. நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் நிலக்கிழார்க்குத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டிலே உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. இத்தனை நிலபுலமுடைய செல்வர்கள், கார் வைத்திருப்பவர் உட்பட, ஆட்களை ஏவாமல் தாமே நடந்து சென்று தீவைத்தனர் என்பது நம்பத்தக்கதாயில்லை என்று அத்தீர்ப்பிலே கூறப்பட்டது. சட்டப் புத்தகத்திலிருந்து தொழு போயிற்று. தீர்ப்பு எழுதும் உள்ளத்தின் மூலையிலே அது கிடக்கவில்லை என்று யார் உறுதி கூறமுடியும்?

கிராம முன்சீப்பு என்ற பதவி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். 1888-ஆம் ஆண்டுக் கிராம நீதிமன்றச் சட்டமும் அவனை விட்டுவைத்தது. தந்தைக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன் என்று பரம்பரைப் பட்டயம்! 1980 நவம்பர் 14 அன்று எம்.ஜி.ஆர். ஆட்சி ஓர் அவசரச் சட்டத்தால் கர்ணம், முன்சீப்புப் பதவிகளை ஒழித்தது. அவர்கள் உச்சநீதிமன்றம் சென்றனர். 1982-இல் அந்த ஒழிப்புச் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. இப்போது தேர்வெழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர் ஊரிலே இருக்கிறார். எந்தச் சேரிப் பிள்ளையும் அந்த நாற்காலியில் அமரலாம், அமர்ந்தும் இருக்கிறது. அரசியலில் அவரோடு மாறுபட்டோரும் இதனைப் பாராட்டவே வேண்டும்.

இன்று அரும்பாவூர்ச் சிற்பி ஒருவரைத் திருட்டு மரம் வைத்திருந்தார் என்று காவலர் பிடித்துச் சென்றனர் என்று வைத்துக்கொள்வோம். என்ன நடக்கவேண்டும்? ஏன் பிடிக்கிறோம் என்று சொல்லவேண்டும். உறவினர் ஒருவருக்குத் தகவல் தரவேண்டும். வழிப்பயண நேரம் நீங்கலாக இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தவேண்டும். அரசியல் சட்டத்தின் 22-ஆவது விதி அது. நடுவர் கேட்கும்போது அவர் வாய் திறக்கலாம், அடித்தனரா என்பதைச் சொல்லலாம், சொல்லவேண்டும். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி எவரும் அவரைக் கட்டாயப்படுத்தக்கூடாது. வழக்கறிஞர் வைக்கப் பணமில்லையா? 1987-இல் இயற்றப்பட்டு 1995-இல் நடைமுறைக்கு வந்த சட்டப்பணிகள் சட்டம், காவலிலிருப்போர்க்கும் பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் தொழிலாளர்க்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞரைத் தருகிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதற்கு அலுவலகம் உண்டு. பெண்ணாயின், அந்தி சாய்ந்தபின் கைது செய்யலாகாது. தவிர்க்க இயலாத நிலையில் பெண் காவலர், நடுவரின் முன் அனுமதியோடுதான் செய்யலாம். குற்றத்தை மெய்ப்பிக்கும் சுமை அரசின் தலையில். கூண்டிலே நிற்பவன் குற்றவாளியல்லன், குற்றம் சாட்டப்பட்டவன். நம் மக்கள் அதனைக் "குற்றவாளிக் கூண்டு" என்றே அழைத்துப் பழகிவிட்டனர். சொல்லிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்!

இத்தனை காப்புக்கும் இடையே அரசியல் சட்டம் தானே விட்டுவைத்த ஒரு துளை உண்டு. தடுப்புக் காவல்! குற்றம் செய்தான் என்பதற்காக அல்ல, செய்யக்கூடும் என்பதற்காகச் சிறை. பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே.கோபாலன் சென்னை அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கிலே 1950-இல் உச்சநீதிமன்றம் அதனைச் செல்லும் என்றது. தமிழ்நாட்டில் 1982-இல் வந்த குண்டர் தடுப்புச் சட்டப்படி ஓராண்டு வரை ஒருவரை அடைக்கலாம். எந்தக் கட்சி ஆண்டாலும் இதனை எடுத்தாளக் கூசவில்லை. இதற்கு மாற்று, உயர்நீதிமன்றத்திலே ஆட்கொணர்வு மனு.

உயர்நீதிமன்றம் என்றதும் மொழி நினைவுக்கு வருகிறது. கீழ்நீதிமன்றங்களிலே சாட்சியமும் தீர்ப்பும் தமிழில் அமைய 1976-இல் நம் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தினோம். உயர்நீதிமன்றத்திலோ இன்றும் ஆங்கிலமே. இராசத்தானத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் பீகாரிலும் இந்திக்கு அந்த உரிமை எப்போதோ வழங்கப்பட்டுவிட்டது. தமிழுக்கும் தருக என்று 2006-இல் நம் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. கிடைக்கவில்லை. அரும்பாவூர்க்காரரின் மேல்முறையீடு சென்னைக்குப் போகும். 2004-இல் திறந்த மதுரைக் கிளையின் எல்லையிலே திருச்சிராப்பள்ளி உண்டு, பெரம்பலூர் இல்லை. அங்கே அவர் வாழ்வு முடிவாகும். அவருக்குப் புரியாத மொழியிலே!

இறுதியாக, உறுதிமொழி கூறக் காத்திருக்கும் ஒரு கூட்டத்தாரைப் பற்றி. பெரம்பலூர்த் துறைமங்கலத்திலே ஈழத் தமிழர் முகாம் ஒன்று உண்டு. 2021 முதல் மறுவாழ்வு முகாம் என்பது பெயர். தமிழ்நாட்டு முகாம்களிலே உள்ளவர்களுள் ஒரு சாரார் மலையகத் தமிழர். தோட்டத்துக்குக் கூலிகளாகச் சென்ற நம்மவரின் வழிவந்தோர். 1948-ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட அம்மக்களை, 1964 அக்டோபரில் சாத்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் கையெழுத்திட்டு, ஐந்தே கால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டனர். அவர்களை ஒரு வார்த்தை கேட்டாரில்லை. கோவலனைக் கேளாதது போலவே. 1983-க்குப் பின் உயிர் தப்பி இங்கே வந்தவர்க்குச் சட்டம் இட்ட பெயர், சட்டவிரோதக் குடியேறி. திருச்சிராப்பள்ளி முகாமைச் சேர்ந்த அறுபத்தைந்து பேர் குடியுரிமை கேட்டு உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குச் சென்றனர். 2019 சூனில் நீதிபதி சுவாமிநாதன், அவர்களை அப்படி முத்திரையிட்டு ஒதுக்காமல், புது மனுக்களைப் பெற்று மைய அரசு பரிசீலித்து முடிவெடுக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தார். குடிமக்களல்லாத அவர்கள் எந்த உரிமையிலே அந்தப் படியேறினர் என்று கேட்கலாம். அரசியல் சட்டத்தின் 14-ஆவது விதியையும் 21-ஆவது விதியையும் எடுத்துப் பாருங்கள். சட்டத்தின் முன் சமம் என்பதையும், உயிரும் உரிமையும் பறிக்கப்படலாகாது என்பதையும் சொல்லும் இடத்திலே, குடிமகன் என்ற சொல் இல்லை. எந்த ஆளும் என்றே இருக்கிறது.